பன்னிரண்டாம் படம்

நேசமணி டீச்சருக்குக் குரல் நல்ல குரல். தங்கச் சுரங்கத்து ஸ்டாம்பு மில் ஓயாமல் கல்லை இடித்துக்கொண்டிருக்கும் மாரிகுப்பத்தில், அந்தச் சத்தத்துக்கு மேலே எழும்பி, கடைசி வரிசைப் பிள்ளை வரைக்கும் போய்ச் சேரும் குரல். பாதிரியார் முதல் பால்காரி வரை அதைப் புகழாதவர் இல்லை. அவளும் அந்தப் புகழ்ச்சியில் உள்ளுக்குள் பூரித்தவள்தான். இல்லை என்றால் பொய். பிள்ளைகளைக் கெடுத்ததே அந்தப் பாழாய்ப்போன குரல்தான் என்று பின்னால்தான் அவளுக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கூலி லைனில் மூங்கில் தட்டி வீடுகள் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு அறை. இருபத்திரண்டு பிள்ளைகள். புத்தகம் ஒன்றே ஒன்று. மிஷன் துரைசானி சென்னப்பட்டணத்திலிருந்து ஆசை ஆசையாக வரவழைத்தது. பக்கத்துக்கு ஒரு வர்ணப் படம், படத்துக்குக் கீழே நாலு வரி, அதற்கும் கீழே மூன்று கேள்வி. வாசித்தால் மட்டும் போதாது, வாசித்தது என்னவென்று பிள்ளைக்கு விளங்க வேண்டும், அதற்குத்தான் படம் என்றாள் துரைசானி. நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள்? இருபத்திரண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்பதை மட்டும் அந்த மகராசியும் யோசிக்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை.

நேசமணி புத்தகத்தை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே விரித்துப் பிடிப்பாள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். படம் எல்லாருக்கும் தெரியும். எழுத்து யாருக்குத் தெரியும்? எள்ளைத் தூவினமாதிரி கீழே ஏதோ கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அவளுக்கு வரிகள் மனப்பாடம். கணீரென்று ஒரு வரி சொல்வாள்; இருபத்திரண்டு வாயும் திருப்பிச் சொல்லும். முன்பெல்லாம் மணலில் விரலால் எழுத்து எழுதுகிற வேலை தினமும் நடக்கும். புத்தகம் வந்த பிறகு அது பாதியில் நின்றுபோயிற்று. குதிரை, கோழி, குடை பிடித்த துரை என்று படம் படமாக இருக்கும்போது மணலை யார் தொடுவார்கள்? ஆறு மாதத்தில் பன்னிரண்டு படமும் முடிந்தன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நாலு வரியும் மூன்று பதிலும் பொலபொலவென்று கொட்டின.

எல்லாரையும்விட நன்றாகக் கொட்டியவள் கங்கம்மா. ஒன்பது வயது. அப்பன் முனியப்பன் சுரங்க ஷாஃப்டில் இறங்கிக் கல் உடைப்பவன். அம்மா ரத்தினம்மா மேலே கல் பொறுக்கும் வேலைக்குப் போகிறவள். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், மூன்று தலைமுறையில் ஒருவருக்கும் கையெழுத்துப் போட வராது. கங்கம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே சொல்லுவாள். பார்க்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். நேசமணியும் சொக்கித்தான் போயிருந்தாள், பரீட்சை பார்க்கும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு வரைக்கும்.

அன்றைக்கு அவளிடம் கங்கம்மா ஏழாம் படத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த சிலேட்டு சரிந்து படத்தின் மேல் விழுந்தது. சட்டென்று பாட்டு நின்றது.

"இன்னாச்சு, படி" என்றாள் நேசமணி.

"படம் மறைக்குது டீச்சர்."

"படம் எதுக்கு? எழுத்துதான் தெரியுதே, படி."

கங்கம்மா எழுத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடி எழுத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. நேசமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழந்தைக்கு, விரல் வைத்து நகர்த்துகிற அந்தக் குழந்தைக்கு, எழுத்துக் கூட்டவே தெரியவில்லை. அவளுக்கே தெரியாது என்றால் மற்ற இருபத்தொரு பேர்?

அப்போதே மணலைக் கொட்டி 'அ' என்று ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வாரத்தில் என்ன செய்துவிட முடியும்? இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி இல்லையென்றால் லைன் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதாக மிஷனில் பேச்சு. மூடினால் அவள் வேலூருக்குத் திரும்ப வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அங்கே என்ன இருக்கிறது? அண்ணி முகம் பார்த்துச் சாப்பிடுகிற சோறு இருக்கிறது. அதைத் தின்று பார்த்தவள் அவள். நேசமணி சிலேட்டை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்தாள்.

"சரி விடு. இப்ப படி."

கங்கம்மா படத்தில் இருந்த குதிரையைப் பார்த்தாள், பாட்டு மறுபடி கிளம்பிற்று.

இன்ஸ்பெக்டர் வந்தார். கங்கம்மாவைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தாமே ஒரு பக்கத்தைத் திறந்தார். பன்னிரண்டாம் படம். வாசலில் தபால்காரர், சேலை கட்டிய அம்மா கையை நீட்டிக் கடிதம் வாங்குகிறாள், பக்கத்தில் ஒரு சின்னப் பெண்.

"தபால்காரர் வந்தார். அம்மாவுக்குக் கடிதம் வந்தது. ஊரில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். தாத்தா திருவிழாவுக்கு வருகிறார்." விரல் வரிக்கு வரி நகர்ந்தது.

"யார் வருகிறார்?"

"தாத்தா வருகிறார்."

"எப்போது வருகிறார்?"

"திருவிழாவுக்கு வருகிறார்."

"அம்மா ஏன் சிரிக்கிறாள்?"

"தாத்தா வருகிறார் என்று சிரிக்கிறாள்."

'பொருள் உணர்ந்து வாசிக்கிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வண்டி ஏறினார். நேசமணி சிரித்த முகமாக வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினாள். வெட்கக்கேடு, அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கவும் தூங்கினாள்.

அடுத்த புதன்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். துரைசானி வந்திருந்தாள், முகமெல்லாம் மலர்ச்சி. இந்தப் படப்புத்தக முறையை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் எழுதப் போவதாக அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரத்தினம்மா உள்ளே நுழைந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். கல் தூசி படிந்த சேலையோடு, ஷிப்டு நடுவில் ஓடி வந்திருக்கிறாள்.

"கும்பிடறேன் டீச்சரம்மா. கும்பிடறேங்கம்மா. எள்ளுருண்டை கொண்டாந்தேன், வாங்கிக்கோங்க. எங்கப்பா திருவிழாவுக்கு வர்றாரு!"

"அப்படியா?" என்றாள் நேசமணி.

"ஆமா, திங்கக்கெழம ஊர்லேர்ந்து கார்டு வந்துச்சு. அந்தத் தபால்காரன் ராஜப்பா கீறானே, எப்பவும் நடுத்தெருவுல நின்னு ஊருக்கே கேக்கற மாரி அவன்தான் படிப்பான். நா உட்டேனா? நீ இன்னாத்துக்குய்யா படிக்கணும், எங்க ஊட்லயே படிக்கறவ கீறான்னு கையிலேர்ந்து புடுங்கிக்கினேன்! மூஞ்சி தொங்கிப்போச்சு அவனுக்கு. எங்க கங்கு வாசப்படியில நின்னு, ஒரு தெக்கல் இல்ல தெணறல் இல்ல, மடமடன்னு படிச்சா பாருங்க. ஊரில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள், தாத்தா திருவிழாவுக்கு வருகிறார்னு. எங்கண்ணன் ஐயிரு மாரி எழுதிக்கீறானேன்னு எனக்குச் சிரிப்பு. லைனே கூடிப்போச்சு."

அது நேசமணியின் வரி. அவள் குரலில், அவள் ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொடுத்த வரி. வாசலில் தபால்காரன், கையை நீட்டின அம்மா, பக்கத்தில் சின்னப் பெண். படம் முழுசாக நேரில் வந்து நின்றிருக்கிறது, குழந்தை படித்திருக்கிறாள். கார்டில் என்ன இருக்கிறதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

"என்ன சொல்கிறாள்? பிள்ளை வீட்டிலே கடிதம் படித்தாளா?" துரைசானி கையைக் கோத்துக்கொண்டாள். "மிக நல்லது! நேசமணி, இது மிக மிக நல்லது!"

ரத்தினம்மா மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். நாலாய் மடித்து, வியர்வையில் நனைந்திருந்தது. "டீச்சரம்மா, இன்னொரு வாட்டி நீங்க படிங்களேன். உங்க கொரல்ல கேக்கணும்னு ஆசையாக் கீது."

கை நீட்டினால் வாங்கிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. வாங்கினால் படிக்க வேண்டும். படித்தால் துரைசானி முன்னால், இந்தக் குழந்தை படித்தது இது இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கார்டில் வேறென்ன இருக்கப்போகிறது, எல்லாக் கார்டும் சுகம் சுகம் என்றுதானே இருக்கும், துரைசானி போகட்டும், சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு நொடியில் ஆயிரம் சமாதானம்.

"எதுக்கு ரத்தினம்மா? கங்கா படிச்சா சரியாத்தான் இருக்கும். பத்திரமா வெச்சிக்கோங்க" என்றாள், அதே நல்ல குரலில்.

ரத்தினம்மா கார்டை மறுபடி மடியில் செருகிக்கொண்டு, துரைசானிக்கும் ஒரு எள்ளுருண்டை கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில், குடியாத்தம் பக்கம் போகிறவர்கள் ஏறுகிற, பௌரிங்பேட்டைக்குப் போகிற மூணு மணி ரயில் வண்டி ஊதிக்கொண்டு கிளம்பிற்று. நேசமணி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கேட்டும் பேசாமல் இருந்தாள்.

சாயங்காலம் போனாளா என்றால், போகவில்லை. துரைசானி விளக்கு வைக்கும் வரை விடவில்லை என்று ஒரு சாக்கு. எள்ளுருண்டை மட்டும் மேசை மேல் அப்படியே இருந்தது. வாயில் வைக்க முடியவில்லை. ஜெபம் பண்ண மண்டி போட்டாள். ஒரு வார்த்தை எழும்பவில்லை. விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் லைனுக்கு ஓடினாள்.

ரத்தினம்மா வேலைக்குக் கிளம்பித் தூக்குச் சட்டியில் களி போட்டுக்கொண்டிருந்தாள். முனியப்பன் ராத்திரி ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான். "வாங்க டீச்சரம்மா, இன்னா இவ்ளோ காலைல?" என்று ரத்தினம்மா பாயை உதறிப் போட்டாள்.

"கார்டை எடுங்க."

குரல் அவள் குரலாகவே இல்லை. ரத்தினம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கார்டை எடுத்துக் கொடுத்தாள். நேசமணி நின்றபடியே படித்தாள்.

'தங்கச்சி ரத்தினத்துக்கு அண்ணன் எழுதியது. அப்பா படுத்து பத்து நாள். கஞ்சி இறங்கவில்லை. உன் பேரையே சொல்கிறார். கார்டு கண்ட உடனே வா.'

அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, சொல்லிவிட்டாள். ரத்தினம்மா திரும்பி, மூலையில் தலை வாரிக்கொண்டிருந்த கங்கம்மாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எங்கிட்ட இன்னாடி சொன்ன பாவி! ஏண்டி பொய் சொன்ன? தாத்தா வர்றாருன்னியேடி!"

"பொய் சொல்லல!" குழந்தை வீறிட்டாள். "டீச்சர் சொல்லிக் குடுத்த மாரியேதான் படிச்சேன்! கேட்டுப் பாரு!"

இரண்டாவது அடி விழுவதற்குள் நேசமணி குறுக்கே போய் விழுந்தாள். அந்த அடி அவள் தோளில் பட்டது. பட்டது போதாது என்றுதான் இருந்தது.

"அவளை அடிக்காதீங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பாத்துச் சொல்லுவா, அவ்ளோதான். இதுதான் படிக்கறதுன்னு நினைச்சிக்கினு கீறா. எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாலேயே தெரியும்."

முனியப்பன் எழுந்து நின்றான். "தெரிஞ்சேதான் பாஸ் போட்டீங்களா?"

நேசமணி ஆமென்று தலையை ஆட்டினாள். ரத்தினம்மா அவளையே பார்த்தாள். கோபம் வரும், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நேசமணி காத்திருந்தாள். ரத்தினம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

"நேத்து நீட்டினேனே டீச்சரம்மா. நீங்க வாங்கலியே."

அதற்கு மேல் பேச நேரமில்லை. காலை வண்டிக்கு அரை மணிதான் இருந்தது. கட்டின சேலையோடு ரத்தினம்மா ஓட, பின்னால் முனியப்பன் ஓட, களிச் சட்டி திறந்தபடியே கிடந்தது. கங்கம்மா அழுகையை நிறுத்திவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கிழவர் அன்றைக்கு விடியற்காலையிலேயே போய்விட்டார். ரத்தினம்மா போய்ச் சேர்ந்தபோது வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்களாம். புதன்கிழமை மூணு மணி வண்டியில் ஏறியிருந்தால் ராத்திரி போய்ச் சேர்ந்திருக்கலாம். ராத்திரி முழுக்க நினைவு தப்பாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "கார்டு போட்டும் வரல, தங்கம் வெட்டற ஊருக்குப் போனதும் அப்பன் மறந்துபோச்சா" என்று அண்ணன் ஊரார் நடுவில் கேட்டானாம். இதையெல்லாம் முனியப்பன் திரும்பி வந்து, ஷாஃப்டுக்குப் போகிற வழியில் நேசமணியிடம் சொன்னான். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். அதற்குப் பதில் அவன் நாலு அறை விட்டிருக்கலாம் என்று நேசமணிக்கு இருந்தது.

அவள் துரைசானியிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். துரைசானி, தானே இன்ஸ்பெக்டருக்கு எழுதுவதாகவும், பதில் வரும்வரை வகுப்பை நடத்தும்படியும் சொன்னாள். நேசமணி படப்புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மணலைக் கொட்டினாள். பிள்ளைகளுக்குச் சப்பென்று போயிற்று. படம் காட்டுங்க டீச்சர் என்று நச்சரித்தன. கங்கம்மா வரவில்லை. அவள் உட்காரும் இடத்தில் வேறு பிள்ளை உட்கார வந்தால் நேசமணி தள்ளி உட்காரச் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ரத்தினம்மா வந்தாள். அன்று பள்ளிக்கூடம் விட்டு, அறையில் நேசமணி மட்டும்தான். வாசலில் ரத்தினம்மா நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கங்கம்மா. நேசமணி எழுந்து நின்றாள். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல இத்தனை நாளும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

ரத்தினம்மா மடியிலிருந்து கார்டை எடுத்தாள். மடிப்பில் கிழிந்து, எழுத்து அங்கங்கே கலங்கியிருந்தது. நீட்டினாள். இந்தத் தடவை நேசமணி இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இத வெச்சி இவளுக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்க" என்றாள் ரத்தினம்மா. "இதுல படம் கெடையாது."

அவ்வளவுதான் சொன்னாள். வாசலிலேயே குந்தி உட்கார்ந்துகொண்டாள்.

நேசமணி குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்தினாள். கார்டை அவள் மடியில் வைத்தாள். மணலில் எழுதிப் பழகின எழுத்துகள் முழுக்க மறந்துபோகவில்லை. ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. த. ங். க. விரல் நகர்ந்தது, பழைய மாதிரி வழுக்கிக்கொண்டு இல்லை. ஒவ்வொரு எழுத்திலும் நின்று, முட்டி, திரும்பிப் பார்த்து நகர்ந்தது. நேசமணி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தன் குரல் முந்திக்கொள்ளும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளியே மில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்து வரிக்கு ஐந்து சாயங்காலம் ஆயிற்று. ஐந்து நாளும் ரத்தினம்மா வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் கங்கம்மா கடைசி வரியைக் கூட்டி முடித்தாள். "கார்டு... கண்ட... உ, உட... உடனே... வா."

படித்துவிட்டுக் கார்டைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு பழக்க தோஷம், கேட்டாள்: "இதுக்கு கேள்வி இல்லியா டீச்சர்?"

"இல்ல கண்ணு. இதுல கேள்வி எழுதல."

"நா கேக்கறேன்." குழந்தை விரலை மடக்கினாள். "யார் எழுதினாங்க? மாமா. யார வரச் சொன்னாங்க? அம்மாவ." மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது. "அம்மா ஏன் போவல?" தலையைக் குனிந்துகொண்டு அவளே பதிலும் சொன்னாள். "நா தப்பாப் படிச்சேன்."

வாசலில் ரத்தினம்மா இருந்தாள். இருக்கட்டும், அவளுக்கும் கேட்க வேண்டும்.

"அது தப்பான பதில், கங்கா. அம்மா இந்தக் கார்டை டீச்சர்கிட்ட நீட்டினாங்க. அப்ப மூணு மணி வண்டி போவல. டீச்சர் கார்டை வாங்கல. அம்மா அதனாலதான் போவல. அதுதான் சரியான பதில்." மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "திருப்பிச் சொல்லு."

கங்கம்மா டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு மாதமாக அந்தக் குரல் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்ன பிள்ளை, இதைத் திருப்பிச் சொல்லவில்லை. குழந்தை குனிந்து, விரலைக் கார்டின் முதல் எழுத்தில் வைத்து, மறுபடி தானே படிக்க ஆரம்பித்தாள்.